காசு வாங்காத கோச்: மாரத்தான் ஓட வைக்கிறவங்க என்னதான் பண்றாங்க?

ஒவ்வொரு ஜனவரியும் சென்னை மாரத்தான் முடிஞ்ச மறுநாள் நம்ம இன்ஸ்டா முழுக்க மெடல் போட்டோதான். வேர்வையில நனைஞ்ச டி-ஷர்ட், கழுத்துல மெடல், கையில பாதி உரிச்ச வாழைப்பழம். ஒரு லைக் போட்டுட்டு அடுத்த போஸ்ட்டுக்குப் போயிடுவோம். அந்த போட்டோவுல வராத ஒரு ஆள் இருக்காங்க. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை விடியற்காலைல நாலரை மணிக்கு வந்து நின்னு, அவரை ஓட வைச்சவங்க. சம்பளம் கிடையாது, மெடல் கிடையாது, பல நேரம் பேர்கூட வெளியே தெரியாது. இவங்களைத்தான் வாலண்டியர் கோச்னு சொல்றோம்.

"விசில் ஊதி, ஓடு ஓடுன்னு கத்துறதுக்கு எதுக்குடா ஒரு கோச்?"னு ஹாஸ்டல்ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. முன்னாடியே சொல்லிடறேன், இந்த வேலைல கத்துறது ரொம்பக் கம்மி. கணக்கு போடறதும், ஆளைக் கவனிக்கறதும், சில சமயம் "வேண்டாம்"னு சொல்றதும்தான் அதிகம்.

யார் இவங்க?

சென்னையில 'சென்னை ரன்னர்ஸ்' மாதிரி ஓட்டக் குழுக்கள் ஏரியா வாரியா இருக்கு. பெசன்ட் நகர் பீச், மெரினா, ஓ.எம்.ஆர்., இ.சி.ஆர். பக்கம் விடியறதுக்கு முன்னாடி போனா கூட்டமா ஓடிக்கிட்டு இருப்பாங்க. ஐ.டி.ல வேலை பார்க்கிறவங்க, டீச்சர், பேங்க் ஊழியர், குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பணும்னு வாட்ச் பார்த்துக்கிட்டே ஓடற அம்மா, ரிட்டயர் ஆன தாத்தா எல்லாரும் இருப்பாங்க. இவங்கள்ல நாலஞ்சு மாரத்தான் ஓடி, கொஞ்சம் படிச்சு, அனுபவப்பட்டவங்க புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தர ஆரம்பிப்பாங்க. திங்கட்கிழமை ஆனா அவங்களும் ஆபீஸ் போகணும்.

நான் போறதும் அப்படி ஒரு சின்ன குழுதான். தண்ணி டேபிள்ல டம்ளர் நிரப்பறதுல ஆரம்பிச்சு, இப்போ புதுசா வர்றவங்க பேட்ச்சுக்கு உதவி கோச்சா இருக்கேன். அதனால இங்க சொல்றதுல பாதி படிச்சது, பாதி பார்த்தது.

ஒலிம்பிக் வீரருக்குக் கோச்சா இருக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்க சாப்பாடு, தூக்கம், ஓய்வு எல்லாமே ஓட்டத்துக்காகத்தான் நடக்கும். இங்க அப்படியே தலைகீழ். குழந்தைக்கு ஜுரம், ஆபீஸ்ல ரிலீஸ், ஊர்ல கல்யாணம், இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற நேரத்துலதான் ஓட்டம். அந்த மிச்ச நேரத்தை வச்சு ஒருத்தரை 42.195 கிலோமீட்டர் ஓட வைக்கணும்.

அது என்ன 42.195?

1896-ல ஏதென்ஸ்ல நடந்த முதல் நவீன ஒலிம்பிக்ல மாரத்தான் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்ல வின்ட்சர் கோட்டையில தொடங்கி, ஸ்டேடியத்துல அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு முன்னாடி முடியற மாதிரி பாதை போட்டாங்க. அது 26 மைல் 385 கெஜம். 1921-ல அதையே நிரந்தரத் தூரமா அறிவிச்சாங்க. அதாவது இந்த நம்பருக்குப் பின்னாடி உடற்கூறு விஞ்ஞானம் எதுவும் கிடையாது. ஆனா வேடிக்கை என்னன்னா, மனுஷ உடம்போட சேமிப்பு தீர்ந்து போற இடத்தைத் தாண்டி பத்து கிலோமீட்டர் ஓட வைக்கிற தூரமா அது அமைஞ்சுடுச்சு. அதனாலதான் கோச் தேவைப்படுது.

முதல் கணக்கு: டேங்க்ல எவ்வளவு இருக்கு?

ஓடும்போது ஒரு கிலோ உடம்பு எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமாரா 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடை இருக்கிறவர் முழு மாரத்தான் ஓடினா 65 × 42.195, கிட்டத்தட்ட 2,740 கிலோகலோரி.

உடம்புல எரிபொருள் ரெண்டு வகை. தசையிலயும் ஈரல்லயும் இருக்கிற கிளைக்கோஜன் ஒண்ணு, கொழுப்பு இன்னொண்ணு. கொழுப்பு ஒல்லியான ஆள்கிட்டகூட தாராளமா இருக்கும், ஆனா மெதுவாத்தான் எரியும். கிளைக்கோஜன் வேகமா எரியும், ஆனா இருப்பு சுமார் 2,000 கிலோகலோரிதான். எந்த வேகத்துல ஓடறோமோ, அதைப் பொறுத்து ரெண்டும் கலந்து எரியற விகிதம் மாறும். வேகம் கூடக் கூட கிளைக்கோஜன் பங்கு கூடும்.

இப்போ நம்ம 65 கிலோ அண்ணன் ஆர்வக்கோளாறுல தன் சக்திக்கு மீறின வேகத்துல ஆரம்பிக்கிறார்னு வைங்க. 95 சதவீதம் கிளைக்கோஜன்ல இருந்து போனா, கிலோமீட்டருக்கு 62 கிலோகலோரி மாதிரி ஆகுது. 2,000-ஐ 62-ஆல வகுத்துப் பாருங்க. 32-வது கிலோமீட்டர்ல டேங்க் காலி. அதே ஆள் நிதானமா, 65 சதவீதம் கிளைக்கோஜன் எரியற வேகத்துல ஓடினா முழுத் தூரத்துக்கும் 1,780 போதும். மிச்சமே இருக்கும்.

இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனா ஓடறவங்க "சுவர்ல மோதிட்டேன்"னு சொல்ற அந்த 30, 32 கிலோமீட்டர் சங்கதிக்குப் பின்னாடி இருக்கிறது இதுதான். கால் கல்லு மாதிரி ஆகும், மூளை "உட்காரு"ன்னு சொல்லும். மனவுறுதி இல்லைன்னு நினைச்சு அழறவங்களைப் பார்த்திருக்கேன். உண்மையில முதல் 10 கிலோமீட்டர்ல கிலோமீட்டருக்கு 30 செகண்ட் வேகமாப் போனதுக்கு வட்டியும் முதலும் அங்க வசூல் ஆகுது, அவ்வளவுதான்.

அதனால ஒரு கோச் அதிகமா சொல்ற வார்த்தை "இன்னும் மெதுவா". பயிற்சி ஓட்டத்துல பெரும்பகுதி, மூச்சு வாங்காம முழு வாக்கியம் பேசற வேகத்துல இருக்கணும். வாட்ச் வேண்டாம், ஆப் வேண்டாம். பக்கத்துல ஓடிக்கிட்டே "நேத்து மேட்ச் பார்த்தீங்களா?"ன்னு கேட்போம். முழுசா பதில் சொன்னா சரியான வேகம். "ம்... பா...த்தேன்"னு வந்தா வேகம் ஜாஸ்தி. இதுக்கு டாக் டெஸ்ட்னு பேரு. நீண்ட ஓட்டத்துல மணிக்கு 30-லருந்து 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகணும்னும் பழக்குவோம். விலை கூடின ஜெல் பாக்கெட்டுக்குப் பதிலா பேரீச்சம்பழம், வாழைப்பழம், கடலை மிட்டாய்னு பலரும் சமாளிக்கிறாங்க.

ரெண்டாவது கணக்கு: சென்னை வெயில்

நம்ம மெக்கானிக்கல் மக்களுக்குப் பிடிச்ச பகுதி இது. தசை ஒரு மோசமான இன்ஜின். எரிக்கிறதுல சுமார் நாலுல ஒரு பங்குதான் வேலையா மாறும், மிச்சம் வெப்பம். 65 கிலோ ஆள் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்துல ஓடினா மணிக்கு 585 கிலோகலோரி எரியும். அதுல 440 வெப்பம். அந்த வெப்பம் வெளியே போகவே இல்லைன்னு வைங்க, ஒரு மணி நேரத்துல உடம்பு வெப்பநிலை 8 டிகிரி ஏறிடும். 40 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து.

உடம்பு தப்பிக்கிறது வேர்வையாலதான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். ஆக முக்கால் லிட்டர் ஆவியானா போதும். ஆனா கவனிங்க, 'ஆவியானா'. சென்னை காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கு. வேர்வை ஆவியாகாம சொட்டுச் சொட்டா தரையில விழும். தரையில விழற வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. ஊட்டியில 6 நிமிஷத்துல ஒரு கிலோமீட்டர் ஓடற ஆள் மெரினாவுல அதே வேகத்தைப் பிடிக்க நினைச்சா இங்கதான் மாட்டுவார்.

இணையத்துல கிடைக்கிற பயிற்சி அட்டவணை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அதை அப்படியே பிரிண்ட் எடுத்து வர்றவங்ககிட்ட உள்ளூர் கோச் சொல்றது இதைத்தான்: தூரத்தை வச்சுக்கோங்க, வேகத்தை மறந்துடுங்க. ஏழு மணிக்குள்ள ஓட்டம் முடியணும். அதான் நாலரை மணி.

தண்ணியும் எதிரி ஆகலாம்

"நிறைய தண்ணி குடிங்க"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி உண்மைதான். 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடினவங்கள்ல 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சு, 2005-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. அதுல 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருந்தது. மூணு பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. தண்ணி பத்தாம வந்த பிரச்சினை கிடையாது, அளவுக்கு மீறிக் குடிச்சு உப்பு நீர்த்துப் போனது. ரொம்ப நேரம் எடுத்து ஓடறவங்களுக்கு, ஒவ்வொரு டேபிள்லயும் ரெண்டு டம்ளர் குடிக்கிறவங்களுக்கு, இந்த ஆபத்து அதிகம். யாருக்கு? நம்ம புது ரன்னர்களுக்குத்தான்.

ஆளுக்கு எவ்வளவு தேவைன்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. ஓடறதுக்கு முன்னாடி எடை பாருங்க, ஒரு மணி நேரம் ஓடிட்டு உடம்பைத் துடைச்சுட்டு மறுபடி பாருங்க. குறைஞ்ச ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வேர்வை. நடுவுல குடிச்சதைக் கூட்டிக்கோங்க. அதுதான் உங்க வேர்வை அளவு, அதுக்கு மேல குடிக்க வேண்டாம். ஓடி முடிச்சப்போ எடை கூடியிருந்தா சிவப்புக் கொடி. உப்பு போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் நம்ம பாட்டி காலத்துலருந்து இருக்கிற விடைதான்.

16 வாரம் எப்படி ஓடும்?

ஏற்கெனவே 10 கிலோமீட்டர் சிரமப்படாம ஓடறவருக்கு 16-லருந்து 20 வாரம் வரை திட்டம் போடுவோம். வாரத்துல நாலு நாள் ஓட்டம், அதுல ஞாயித்துக்கிழமை நீண்ட ஓட்டம். 12-ல தொடங்கி படிப்படியா 30, 32 வரை. மூணு வாரம் ஏத்தினா நாலாவது வாரம் இறக்கம். போட்டிக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் தூரத்தைக் குறைச்சு ஓய்வு, அதுக்கு டேப்பர்னு பேரு.

இதுல ஒரு பொறி இருக்கு. இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே தேறிடும். தசைநாரும் எலும்பும் மெதுவாத்தான் பலமாகும். எட்டாவது வாரத்துல "சூப்பரா இருக்கேன், இன்னும் ஓடலாம்"னு மூச்சு சொல்லும், முழங்கால் அதுக்குத் தயாரா இருக்காது. புது ரன்னர் பலர் அடிபடறது இந்த இடைவெளியிலதான். "வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தாதே"ன்னு ஒரு பழைய விதி உண்டு. நெதர்லாந்துல 532 புது ரன்னர்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் அந்த விதிப்படி மெதுவா ஏத்திப் பார்த்தாங்க. 2008-ல வந்த முடிவு: ரெண்டு பக்கமும் அஞ்சுல ஒருத்தருக்கு அடி, வித்தியாசமே இல்ல. அதனால விதியைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனா விதி மட்டும் காப்பாத்தாது. ஆளைப் பார்க்கணும். ஓடி முடிச்சுப் படி இறங்கும்போது ஒருத்தர் கைப்பிடியைப் பிடிக்கிறாரா, ஷூ ஒரு பக்கம் மட்டும் தேயுதா, எப்பவும் பேசற ஆள் இன்னிக்கு அமைதியா இருக்காரா, இதெல்லாம் எந்த ஆப்லயும் வராது.

நம்ம ஊர் திட்டத்துல இன்னொரு விருந்தாளி, வடகிழக்குப் பருவமழை. ஜனவரி மாரத்தானுக்கு உச்சப் பயிற்சி நடக்க வேண்டிய நவம்பர், டிசம்பர்லதான் ரோடு குளமா இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல ஊரே மூழ்குச்சு, அடுத்த மாசமே மாரத்தான். விட்டுப் போன ரெண்டு வாரத்தை ஒரே வாரத்துல சேர்த்து ஓடலாம்னு தோணும். அரியர் பேப்பர் மாதிரி இதைச் சேர்த்து எழுத முடியாது. விட்டது விட்டதுதான். இலக்கு நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறதுதான் வழி.

"தம்பி, நீ சொல்லி நான் கேக்கணுமா?"

எல்லாக் கணக்கும் தெரிஞ்சாலும் ஒரு சிக்கல் பாக்கி. எனக்கு வயசு 21. பேட்ச்ல பலர் எங்க அப்பா வயசு. "அங்கிள், மெதுவா போங்க"ன்னு சொன்னா, "தம்பி, நான் காலேஜ்ல கபடி டீம்"னு பதில் வரும். நம்ம ஊர்ல பெரியவங்களைத் திருத்தறது சாதாரண விஷயமா?

எங்க சீனியர் கோச் அக்கா சொல்லிக் கொடுத்த வழி இது: உத்தரவு போடாதே, வேலை கொடு. "அங்கிள், இந்தப் புது அண்ணன் பின்தங்கிடறார், கொஞ்சம் அவர்கூடப் போக முடியுமா?"ன்னு கேட்டா போதும். அங்கிள் தானாவே மெதுவாயிடுவார், புது ஆளுக்கும் துணை கிடைக்கும். நடந்து ஓடறதைக் கேவலமா நினைக்கிறவங்ககிட்ட ஜெஃப் கேலோவே பத்திச் சொல்லுவோம். 1972 மியூனிக் ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடின அமெரிக்கர் அவர். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடைன்னு மாத்தி மாத்திப் போற முறையைச் சாதாரண மக்களுக்குப் பரப்பினவரும் அவர்தான். ஒலிம்பிக் ஆளே நடன்னு சொல்றார்னா, நமக்கென்ன கௌரவம்?

அக்காக்களுக்கு வேற கவலைகள். இருட்டுல தனியா ஓட முடியாது, வழியில பாத்ரூம் கிடையாது, சில தெருவுல நாய், சில தெருவுல மனுஷங்களே பிரச்சினை. அதனால ரூட் போடறதும் கோச் வேலைதான். தெருவிளக்கு எரியுதா, பெட்ரோல் பங்க் பாத்ரூம் எங்க திறந்திருக்கும், எந்த வளைவுல லாரி வரும்னு முந்தின நாளே பைக்ல போய்ப் பார்த்துட்டு வருவாங்க. வண்டி எதிர்ல வர்ற பக்கமா ஓடணும், ஒளி பட்டா மின்னற ஜாக்கெட் போடணும். கடைசி ஆளுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு வாலண்டியர் இருப்பார், அவருக்கு ஸ்வீப்பர்னு பேரு. யாரும் தனியா விடப்படக் கூடாது.

கஷ்டமான வேலை: "வேண்டாம்"

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மாரத்தான் பொதுவா ஆபத்தான விளையாட்டு கிடையாது. அமெரிக்காவுல 2000-லருந்து 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடின 1.09 கோடி பேரை எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல வந்தது. அதுல 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடிஞ்ச உடனேயோ இதயம் நின்னது, 42 பேர் இறந்தாங்க. சுமார் 1,84,000 பேருக்கு ஒருத்தர். ரொம்பக் குறைவுதான். ஆனா அந்த ஒருத்தர் நம்ம பேட்ச்ல இருந்தா?

போன சீசன்ல எங்க குழுவுல 46 வயசு சார் ஒருத்தர். மேடு ஏறிப் பழக ஃப்ளைஓவர்ல ஓடிக்கிட்டு இருந்தப்போ நெஞ்சைத் தடவிக்கிட்டே நின்னார். அக்கா பார்த்துட்டாங்க.

"என்ன சார் ஆச்சு?"

"கேஸ் மேடம். ராத்திரி பரோட்டா."

"முன்னாடியும் வந்திருக்கா?"

"ரெண்டு மூணு தடவை. நின்னா சரியாயிடும்."

நிறைய பேருக்கு அந்தக் கடைசி வாக்கியம் ஆறுதலா கேட்கும். ஆனா ஓடும்போது வந்து, நின்னா போயிடற நெஞ்சு இறுக்கம் இதயத்துக்கு ரத்தம் பத்தலைங்கறதோட பாடப்புத்தக அறிகுறி. அக்கா அங்கேயே ஓட்டத்தை நிறுத்த வச்சு, நேரா டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. டாக்டர் சரின்னு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் குழுவோட ஓட வேண்டாம்னும் சொல்லிட்டாங்க. அவருக்குக் கோபம். "பணம் கட்டியாச்சு, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, மூணு மாச உழைப்பு மேடம்." அக்கா குரலை உயர்த்தவே இல்ல. "தெரியும் சார். டாக்டர் லெட்டரோட வாங்க"ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அன்னிக்கே அவர் வீட்டுக்கும் போன் பண்ணிட்டாங்க.

கதை சினிமா மாதிரி முடியல. இ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் நார்மல். டாக்டர் வயித்துக்கு மாத்திரை கொடுத்து, ஓடலாம்னு எழுதிக் கொடுத்தார். அதுக்குள்ள மூணு வாரம் போயிடுச்சு, முழு மாரத்தானுக்குத் தயாராக நேரம் இல்ல. அவர் அரை மாரத்தான்தான் ஓடினார். இன்னிக்கும் "அந்த மூணு வாரம் போகலைன்னா ஃபுல் முடிச்சிருப்பேன்"னு சொல்லுவார். அக்கா "முடிச்சிருப்பீங்க சார்"னு ஒத்துக்குவாங்க. ஆனா மன்னிப்பு கேட்க மாட்டாங்க.

இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். ரிப்போர்ட் நார்மல்னு வந்ததால அக்கா முடிவு தப்பாயிடுமா? பேட்டர்ன் ரெகக்னிஷன் படிச்சவங்க சொல்லுங்க. தப்பா அலாரம் அடிச்சா செலவு மூணு வாரம், ஒரு மெடல், கொஞ்சம் மனக்கசப்பு. அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காம விட்டா ஒரு உயிர். இந்த ரெண்டும் சமமா இல்லாதப்போ, பல தடவை வீணா அலாரம் அடிக்கிற கோச்தான் நல்ல கோச். அந்த வீண் அலாரத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க, திட்டுதான் கிடைக்கும். அதையும் வாங்கிக்கறது இந்த வேலையோட பகுதி.

இங்கதான் 'காசு வாங்காத' அப்படிங்கற வார்த்தைக்கு எடை வருது. எத்தனை பேர் ஃபினிஷ் பண்ணாங்கங்கறதை வச்சு உங்களுக்குச் சம்பளம்னா, "போகாதீங்க"ன்னு சொல்ல வாய் வருமா? வரலாம், ஆனா கஷ்டம். அதே நேரம் இலவசம்னா எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரல. சம்பளம் இல்லாத இடத்துல தகுதியை யாரும் கேட்கறதும் இல்ல. நாலு மாரத்தான் ஓடினதாலயே ஒருத்தருக்கு முழங்கால் வலிக்கு மருந்து சொல்ற தகுதி வந்துடாது. நல்ல வாலண்டியர் கோச்சோட அடையாளம், தன் எல்லையைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது. வலி ஒரு வாரத்துக்கு மேல நின்னா பிசியோதெரபிஸ்ட், நெஞ்சுன்னா டாக்டர், அதுல விவாதமே கிடையாது.

போட்டி நாள்ல கோச் எங்க இருப்பார்?

ஸ்டார்ட்லயோ ஃபினிஷ்லயோ தேடாதீங்க. 30-லருந்து 35 கிலோமீட்டருக்குள்ள எங்கேயாவது ரோட்டோரம் நிப்பாங்க. அங்கதான் டேங்க் காலியாகும். கையில உப்பு, பழம், ஐஸ் பாக்ஸ். ஓடி வர்றவர்கிட்ட கேட்கற கேள்வி சின்னதா இருக்கும்: "உங்க பேர் என்ன? இது எத்தனாவது கிலோமீட்டர்?" கிண்டல் கிடையாது, சோதனை. குழப்பமா உளறினா, தள்ளாடினா, அது வெறும் களைப்பு இல்லாம வெப்பவாதமா இருக்கலாம். அப்படின்னா 108-க்கு ஒருத்தர் போன் பண்ணும்போதே மத்தவங்க ஐஸ், குளிர்ந்த தண்ணி எல்லாத்தையும் வச்சு உடம்பைக் குளிர வைக்க ஆரம்பிக்கணும். ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது.

இன்னும் சில வாலண்டியர்கள் பேசரா ஓடுவாங்க. முதுகுல கொடி, அதுல ஒரு நேரம் எழுதியிருக்கும். கிலோமீட்டருக்கு 7 நிமிஷம்னு மணி அடிச்ச மாதிரி ஓடினா 4 மணி 55 நிமிஷத்துல ஃபினிஷ். பின்னாடி ஒரு கூட்டமே அவரை நம்பி வரும். 2019-ல வியன்னாவுல எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிஷம் 40 செகண்ட்ல ஓடினப்போ, மாறி மாறிக் கூட ஓடினவங்க 41 பேர். உலகத்தோட பெரிய ஓட்டக்காரருக்கே கூட வர ஆள் வேணும்னா, நம்ம பேங்க் மேனேஜர் சாருக்கு வேண்டாமா?

நாம எங்க தொடங்கலாம்?

இதைப் படிச்சுட்டு நாளைக்கே கோச் ஆகணும்னு இல்ல, ஆகவும் முடியாது. ஆனா உங்க ஏரியா குழுவுல தண்ணி டேபிளுக்கும், ஸ்வீப்பர் வேலைக்கும் எப்பவும் ஆள் பத்தாது. அங்க ஒரு சீசன் நின்னாலே பாதி பாடம் புரிஞ்சுடும். கூடவே ஒரே ஒரு விஷயம் கத்துக்கோங்க, சி.பி.ஆர். நெஞ்சு நடுவுல, 5-லருந்து 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100-லருந்து 120 அழுத்தம். மேல சொன்ன 2012 ஆய்வுல பிழைச்சவங்களையும் பிழைக்காதவங்களையும் பிரிச்சுக் காட்டின முக்கியக் காரணம், பக்கத்துல இருந்தவங்க உடனே சி.பி.ஆர். ஆரம்பிச்சாங்களாங்கறதுதான். படிச்சா மட்டும் போதாது, பொம்மையை வச்சு ஒரு தடவையாவது அழுத்திப் பழகுங்க. என்.எஸ்.எஸ். பசங்ககிட்ட கேட்டா நம்ம கேம்பஸ்லயே ஒரு வகுப்பு ஏற்பாடு பண்ணலாம். பதினஞ்சு பேர் சேர்ந்தா நானும் வர்றேன், பேர் கொடுங்க.